பைக் சைடு பேனல் உடைஞ்சிருச்சா? பசையை எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஷிஃப்ட் முடியுற நேரத்துல ஒரகடம் ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. புத்தம் புது பைக்குகள் லாரியில் ஏறி வெளியூர் போயிட்டிருக்கும். 2013-ல் ராயல் என்ஃபீல்டு ஒரகடத்துக்கு வந்தது, 2015-ல் யமஹா வல்லம் வடகாலுக்கு வந்தது. ஆனா இந்த ஏரியா ஆலைகளில் வேலை பார்க்குற பல பசங்க ரூமுக்குத் திரும்புறது செகண்ட் ஹேண்ட் ஸ்பிளெண்டரிலும் பல்சரிலும்தான். இன்ஜின் கல்லு மாதிரி இருக்கும். பிளாஸ்டிக்தான் பல்லிளிக்கும். ஒரு பக்கம் சைடு பேனல் இருக்காது, இல்லைன்னா கயிறு போட்டுக் கட்டியிருக்கும்.

'அழகுக்குத்தானே, விடு பாஸ்'னு தோணலாம். சைடு பேனலுக்குப் பின்னாடிதான் பேட்டரி, ஃபியூஸ், வயரிங் எல்லாம் இருக்கு. மழைத்தண்ணி நேரா அங்கேதான் போகும். அதைவிட முக்கியம், பாதி கழன்ற பேனல் 60 கி.மீ வேகத்தில் பறந்து விழுந்தா, பின்னாடி வர்ற பைக்காரர் சடன் பிரேக் போடுவார். அவருக்குப் பின்னாடி வர்றது பெரும்பாலும் டிரெய்லர் லாரி.

பேனல் ஏன் உடையுது? பின்பக்கம் இரண்டு மூணு 'காது' நீட்டிக்கிட்டு இருக்கும். அது ஃபிரேமில் உள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் போய் உட்காரும். வருஷக்கணக்கில் வெயிலில் நின்னு ரப்பர் காய்ஞ்சு காதைக் கவ்விக்கும். வாட்டர் வாஷ்ல அவசரத்துக்கு ஒரே இழுப்பு, காது கட். அதனால கழட்டும்போது ரப்பரில் சோப்புத் தண்ணி விட்டு, ஒவ்வொரு காதா நேரா இழுங்க. காய்ஞ்சுபோன புஷ்ஷை மாத்திடுங்க. அது சில்லறைச் செலவுதான்.

முதல்ல இது என்ன பிளாஸ்டிக்?

அஞ்சு ரூபாய் பசை போட்டு, மறுநாளே காது திரும்பக் கையோடு வந்த அனுபவம் நிறைய பேருக்கு இருக்கும். பசை கல்லு மாதிரி இறுகிடும், வண்டியோட அதிர்வை அது தாங்காது. இன்னொண்ணு, சில பிளாஸ்டிக்கில் பசையே ஒட்டாது.

பைக்கில் அதிகம் வர்றது இரண்டு வகை. பெயின்ட் அடிச்சுப் பளபளன்னு இருக்குற பேனல்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ் (பிரேக் ஏ.பி.எஸ் இல்லை, இது பிளாஸ்டிக் பேரு). வளைச்சா வளையுற, மங்கலான கறுப்பு மட்கார்டு மாதிரி பார்ட்ஸ் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். பார்ட்டோட உள்பக்கம் இரண்டு அம்புக்குறிக்கு நடுவே ஆங்கிலத்தில் சுருக்கப் பேர் அச்சாகியிருக்கும். அது இல்லைன்னா, உடைஞ்ச இடத்துல நகத்துணுக்கு அளவு சீவி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணியில் போடுங்க. மிதந்தா பாலிப்ரொப்பிலீன், மூழ்கினா பெரும்பாலும் ஏ.பி.எஸ். சந்தேகம்னா உள்பக்கம் அசிட்டோன் தொட்டுத் தேய்ங்க. ஏ.பி.எஸ் பிசுபிசுன்னு ஆகும். பாலிப்ரொப்பிலீன் அசையாது.

ஏ.பி.எஸ்ஸுக்கு 'கூழ்' வைத்தியம்

அதே பேனலோட உடைசல்களைப் பொடிசா நறுக்கி, கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூழ்குற அளவு அசிட்டோன் ஊத்தி மூடி வைங்க. பிளாஸ்டிக் கப் வேண்டாம், கப்பே கரைஞ்சு போகலாம். சில மணி நேரத்தில் தேன் பதத்துக்கு வந்துடும். இது பசை இல்லை, உடைஞ்ச இரண்டு பக்கத்தையும் லேசா கரைச்சு ஒண்ணாக்கிடும். அதனாலதான் பிடிமானம் நல்லா இருக்கு.

விரிசலோட நுனியில் 2 மி.மீ டிரில் பிட்டால் சின்ன ஓட்டை போடுங்க. விரிசல் அதைத் தாண்டி ஓடாது. பலர் விடுற ஸ்டெப் இதுதான். அப்புறம் உள்பக்கம் உப்புத்தாள் தேய்ச்சு கூழைத் தடவுங்க. காது உடைஞ்சிருந்தா, அடியைச் சுத்தி மெல்லிசு கம்பி வலை வெச்சு, இரண்டு மூணு கோட்டிங் கொடுங்க. குறைஞ்சது ஒரு நாள் காயணும். 'மேலே காய்ஞ்சிருச்சே'ன்னு ராத்திரியே மாட்டினா வேலை வீண். வெளிப்பக்கம் சிந்தினா பெயின்ட் போயிடும். அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும். பத்துக்குப் பத்து ரூம்ல, சமையல் அடுப்பு பக்கத்துல இந்த வேலை வேண்டவே வேண்டாம், மொட்டை மாடிக்குப் போயிடுங்க.

பாலிப்ரொப்பிலீன்னா சூடுதான்

இதுக்கு வெல்டிங்தான் வழி. சாதாரண சால்டரிங் அயர்ன் போதும். விரிசலை 'வி' வடிவத்தில் கீறி, அதே வகை பிளாஸ்டிக்கை உருக்கி நிரப்பணும். ஃபில்லருக்கு எங்கே போறது? பார்சல் சாப்பாட்டு டப்பாவைத் திருப்பிப் பாருங்க. முக்கோணத்துக்குள் 5-னு இருந்தா அதுவும் பாலிப்ரொப்பிலீன்தான், கழுவி நீளமா வெட்டிக்கலாம். உள்பக்கம் ஸ்டேப்ளர் பின்னைச் சூடாக்கிக் குறுக்கே அமுக்கினா பலம் கூடும். புகை வந்தா சூடு ஜாஸ்தி, பிளாஸ்டிக் கருகுதுன்னு அர்த்தம். கை நடுங்கும்னா, கார் பம்பர் வெல்டிங் பண்ற கடையில் கொடுத்துடுங்க.

இதை மட்டும் ஒட்டாதீங்க

முன் மட்கார்டில் விரிசல் போல்ட் வரைக்கும் வந்திருந்தா கண்டிப்பா மாத்தணும். ஓடும்போது அது உடைஞ்சு டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே சிக்கினா வீல் லாக் ஆகலாம். ஹெட்லைட்டைத் தாங்குற பிளாஸ்டிக்கும் அப்படித்தான். வெளிச்சம் ஆடினா, இருட்டில் ஓரமா நிக்குற டிரெய்லர் லேட்டாத்தான் கண்ணுக்குத் தெரியும்.

மாத்துறதுன்னா ஸ்பிளெண்டர், பல்சருக்குக் கவலை இல்லை. லோக்கல் ஸ்பேர்ஸ் கடையிலேயே கம்பெனி பார்ட்டும் கிடைக்கும், அதைவிட விலை கம்மியான டூப்ளிகேட்டும் கிடைக்கும். டூப்ளிகேட் வாங்கினா, வண்டியில் மாட்டிப் பார்த்துட்டு காசு கொடுங்க. காதோட இடைவெளி 2 மி.மீ தப்பினாலும் உட்காராது. தயாரிப்பே நின்னுபோன எல்.எம்.எல் ஃப்ரீடம் மாதிரி வண்டின்னா சென்னை புதுப்பேட்டைதான் கதி. அங்கே பழைய பேனல் எடுக்கும்போது கலரைப் பார்க்காதீங்க, பெயின்ட் அப்புறம் அடிச்சுக்கலாம். திருப்பிப் போட்டு எல்லா காதும் முழுசா இருக்கான்னு எண்ணுங்க. போறதுக்கு முன்னாடி உங்க பழைய பேனலைப் பையில் எடுத்து வெச்சுக்குங்க, போட்டோ மட்டும் பத்தாது.