நிரலாக்கக் கருவிகளும் எளியோர் அணுகலும்: தமிழகச் சூழலில் விலை, உரிமம், மொழி

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த திருப்பாலைவனம், பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களை அடுத்து அமைந்துள்ளது. அவ்வேரியில் இறால் பிடிக்கும் இடங்கள் 'பாடு' என்னும் மரபுமுறையால் பங்கிடப்பட்டு வந்துள்ளன. முறைவைத்து வலை கட்டும் உரிமை, குறிப்பிட்ட ஊர்களின் 'தலைக்கட்டு'களுக்கே உரியது. படகும் வலையும் உடையவராயினும், தலைக்கட்டில் சேராதவர் அப்பாட்டில் இறங்க இயலாது. கருவியை உடைமையாகப் பெறுவது வேறு, அதனைப் பயன்படுத்தும் உரிமை வேறு என்பதை இம்முறை உணர்த்துகிறது. நிரலாக்க மென்பொருளின் வரலாற்றையும் இவ்வேறுபாட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும். விலை குறைந்தமையால் மட்டும் புதிதாகக் கற்போருக்கு வழி திறக்கவில்லை. உரிமத்தின் நிபந்தனையும் கற்கும் மொழியும் உடன் மாறவேண்டியிருந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

விலையும் படியெடுப்பும்

1983இல் போர்லாண்டு நிறுவனம் டர்போ பாஸ்கல் தொகுப்பியை 49.95 டாலருக்கு வெளியிட்டது. பிற தொகுப்பிகள் பலவும் நூற்றுக்கணக்கான டாலர் விலையில் விற்ற காலம் அது. 1987இல் அந்நிறுவனத்தின் டர்போ சி வெளிவந்தது. மேலைநாடுகளில் பொழுதுபோக்காக நிரல் எழுதியோருக்கு இவ்விலை எட்டக்கூடியதாயிற்று. இந்தியாவிலோ 49.95 டாலர் என்பது அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 500 ரூபாய். இத்தொகையோடு அயல்நாட்டுச் செலாவணிக் கட்டுப்பாடுகளும் தடையாயின. நெகிழ்வட்டில் கைமாறிய படிகளே கற்போர் பலருக்கு வழியாயின.

அவ்வழியைச் சட்டம் படிப்படியாக அடைத்தது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் கணினி நிரலைப் பதிப்புரிமைச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 63-பி பிரிவைச் சேர்த்து, உரிமை மீறிய படியென அறிந்தே பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. வணிக ஆதாயமின்றிப் பயன்படுத்தியவருக்குச் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மிகாத அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. கற்பவரும் சட்டத்தின் பார்வையில் குற்றவாளியே. தண்டனையில் மட்டுமே தளர்வு கிட்டியது.

இருவகைத் திறப்புகள்

இந்நிலையிலிருந்து மீள இருவேறு பாதைகள் உருவாயின. முதலாவது, கட்டற்ற மென்பொருள். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் சி தொகுப்பி 1987இல் வெளியாயிற்று. லினக்ஸ் கருவகம் 1991இல் வந்தது. சென்னையில் 1998 முதல் லினக்ஸ் பயனர் குழு இயங்கலாயிற்று. 2005இல் சி-டாக் சென்னை மையமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் இணைந்து நடத்திய தேசியக் கட்டற்ற மென்பொருள் வள மையம் தொடங்கப்பட்டது. சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இம்முயற்சியோடு தொடர்புடையது.

இரண்டாவது, வணிக நிறுவனங்களின் சலுகை. மைக்ரோசாப்ட் தன் விஷுவல் ஸ்டுடியோவின் எக்ஸ்பிரஸ் பதிப்புகளை 2006இல் நிலையாக விலையின்றி வழங்கியது. 2008இல் ட்ரீம்ஸ்பார்க் வழியாக மாணவர்களுக்குத் தொழில்முறைப் பதிப்புகளை அளித்தது. 2014இல் தனிநபர்களும் பெறக்கூடிய கம்யூனிட்டி பதிப்பை வெளியிட்டது.

இரண்டிலும் விலை இல்லை; ஆயினும் உரிமை ஒன்றன்று. ட்ரீம்ஸ்பார்க் சலுகை மாணவர் என்னும் அடையாளத்தைச் சார்ந்தது. படிப்பை இடையில் நிறுத்தியவரும் தாமே கற்பவரும், தலைக்கட்டில் சேராத மீனவரைப் போல, அதற்கு வெளியே நின்றனர். கட்டற்ற உரிமம் பயன்படுத்துபவர் யாரென்று கேட்பதில்லை. அவர் எழுதிய நிரலை விற்கவும் தடை செய்வதில்லை.

மடிக்கணினியும் தமிழும்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கப்பட்டது. முதலாண்டுக்குத் திட்டமிடப்பட்டவை 9.12 லட்சம் கணினிகள். தொடக்கக் கட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இணைந்தே வழங்கப்பட்டன. வன்பொருள் என்னும் பெருந்தடை இதனால் தளர்ந்தது. லினக்ஸ் பக்கம் சென்ற மாணவர் தொகுப்பிகளை உரிமக் கட்டணமின்றி நிறுவிக்கொள்ள முடிந்தது.

எனினும் கருவிகளின் விளக்கக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. 2012 சனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருளையும் நிரலாக்கத்தையும் தமிழில், பகிரத்தக்க உரிமத்தில் விளக்கியது இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியாகும். 2019-20இல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தான் மொழியை ஏற்றது. கட்டற்ற உரிமமுடைய ஒரு மொழி பாடநூல் வழி தமிழ்வழி மாணவரையும் சென்றடைந்தது.

முடிவுரை

அரசு அளித்த மடிக்கணினி, பள்ளியை விட்ட பின்னரும் மாணவரிடமே தங்குகிறது. அதிலுள்ள கருவியின் உரிமம் மாணவர் அடையாளத்தோடு முடிந்துவிடுமாயின், உடைமை எஞ்சி உரிமை நீங்குகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கை கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கையடக்கக் கணினி அல்லது மடிக்கணினி வழங்குவதாக அறிவித்தது. இத்தகைய திட்டங்களை எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடுவது போதாது. படிப்பு முடிந்த மறுநாளும் அவர் சட்டத்திற்கு உட்பட்டு, தமக்கு விளங்கும் மொழியில், நிரல் எழுத இயலுமா என்பதே உரிய அளவுகோலாகும்.