கோணற் பல்லும் தலையெழுத்தும்

பெண்ணுக்குப் பல் எடுப்பாயிருந்தால் நம்மவர் செய்வதென்ன? சாமுத்திரிகம் புரட்டுவர், தலையெழுத்தென்பர், சீரைக் கூட்டிக் கேட்பர். பல்லை மாத்திரம் பாரார்.

அந்தத் தலையெழுத்தை விரலாலேயே அழிக்கலாமென்று ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே உரோமாபுரிச் செல்சஸ் எழுதிவைத்தார். பாற்பல் விழுமுன் புதுப்பல் முளைப்பின், பழையதைக் களைந்து, புதியதை நாடோறும் விரலால் அதன் இடத்துக்குத் தள்ளுக என்பது அவர் முறை. 1728-இல் பிரெஞ்சு நாட்டுப் பியர் ஃபோஷார், துளையிட்ட உலோகத் தகட்டோடு பற்களை நூலாற் பிணித்து நேராக்கும் வழியை நூலில் விளக்கினார்.

இதனைத் தனிக் கலையாக்கியவர் அமெரிக்கரான எட்வர்டு ஆங்கிள். முதற் கடைவாய்ப்பற்கள் மேலுங்கீழும் பொருந்தும் நிலையைக் கொண்டு 1899-இல் பற்கோணலை மூன்று வகுப்பாக்கினார். 1928-இல் அவர் வெளியிட்ட கருவியில், பல்தோறும் ஒரு சிறு பிடிப்பு. அதன் நாற்கோணக் காடியில் ஒரு கம்பி. இன்றைய கம்பிச் சிகிச்சை பெரும்பாலும் அதன் வழி வந்ததே. கம்பி மெல்ல அழுத்த, ஒருபுறத்து எலும்பு கரையும். மறுபுறத்தில் புதிது சேரும். மாதக்கணக்கிற் பல் நகரும். மந்திரம் எங்கே வந்தது இதில்?

நல்ல பல்லைப் பிடுங்கலாகாதென்பது ஆங்கிளின் பிடிவாதம். அவர் மாணாக்கர் ட்வீடும் பெக்கும், இடமற்ற வாயிற் சில பற்களை எடுத்தே வரிசையைத் திருத்தினர். குருவாக்கென்று கும்பிட்டுக் கிடந்தாரில்லை! நம் புலவர்கள் இதைக் கவனிப்பாராக.

மலாயாவிலோ, மணத்துக்குமுன் பல்லை அராவும் வழக்கம் ஒருகாலத்திருந்தது. சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியிற் பல் மருத்துவப் படிப்பு 1929-இல் தொடங்கிற்று. தங்காக்கில் யான் கணக்கெழுதும் தோட்டத்தில், மகளின் சடங்குக்கு முன்பணம் கேட்டு வருவோர் பலர். அவள் பல்லுக்கெனக் கேட்டு வந்தார் ஒருவரையும் இதுகாறும் கண்டிலேன்.