ஓங்காத கை: சக்திவேலும் மாணிக்கமும்

1992 தீபாவளிக்கு வந்தது 'தேவர் மகன்'. 1995 பொங்கலுக்கு வந்தது 'பாட்ஷா'. முன்னது கமல்ஹாசன் எழுதிப் பரதன் இயக்கியது. பின்னது பாலகுமாரன் வசனத்தில் சுரேஷ் கிருஷ்ணா இயக்கியது. ஒன்றைத் தேர்ந்த ரசனைக்குரிய படமென்றும் மற்றொன்றை வெகுசனக் கொண்டாட்டமென்றும் பிரித்துப் பேசியே நமக்குப் பழகிவிட்டது. ஆனால் இரண்டின் முன்னும் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கலாம்: கையை ஓங்காமலிருக்க இந்த மனிதனுக்கு என்ன காரணம், அந்தக் காரணம் எந்த இடத்தில் தோற்கிறது? இப்படிக் கேட்டதும் இரு படங்களும் நாம் எதிர்பாராத அளவுக்கு நெருங்கி வருகின்றன. விலகும் இடத்திலும், நாம் நினைத்ததற்கு நேர்மாறான திசையில் விலகுகின்றன.

கதையின் காலப்போக்கே முதல் வேறுபாடு. 'தேவர் மகன்' நாயகன் சக்திவேல் வன்முறைக்கு வெளியிலிருந்து வருகிறான். லண்டனில் படித்தவன், நகரங்களில் உணவகம் நடத்தும் கனவோடு ரயிலிலிருந்து இறங்குகிறான். 'பாட்ஷா'வின் மாணிக்கமோ வன்முறையைக் கடந்து வந்தவன். பம்பாயை அடக்கி ஆண்டவன், சென்னையில் காக்கிச் சட்டை போட்டு ஆட்டோ ஓட்டுகிறான். முதலாமவன் தான் அஞ்சிய ஒருவனாக மெல்ல மெல்ல ஆகிறான். இரண்டாமவன் தான் புதைத்த ஒருவனாக மீண்டும் எழுகிறான். ஆகவே முதற்படத்துக்கு முன்கதை தேவைப்படவில்லை. இரண்டாம் படம் முன்கதை இன்றி நிற்காது.

ஆயினும் இருவரையும் கட்டியிருப்பது தந்தையின் சொல். மாணிக்கத்தின் தந்தை சாகும் தறுவாயில் மகனைப் பம்பாய் வாழ்வை விட்டு விலகச் சொல்கிறார்; அந்த வாக்குதான் அவன் கையைக் கட்டிப்போடுகிறது. சக்திவேலின் தந்தை பெரிய தேவரும் மகனிடம் கேட்கிறார், ஆனால் விலகச் சொல்லவில்லை. ஊரோடு இரு என்கிறார். ஒரு தந்தை வெளியேற்றுகிறார், மற்றவர் உள்ளிழுக்கிறார். இரண்டு கட்டளைகளும் மகனை அடக்கத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன என்பது வியப்பு. பெரிய தேவரின் இருக்கையில் அமர்ந்தவன் ஆட்களை ஏவிவிடுவதற்காக அல்ல, அவர்களைத் தடுத்து நிறுத்துவதற்காகவே அங்கே இருக்க வேண்டியிருக்கிறது.

சண்டை இறுதி வழி என்று நாயகனை வசனம் பேசவைப்பது எளிது. மற்ற வழிகளை அவன் நடந்து பார்த்ததாகக் காட்டினால்தான் அந்தச் சொல்லுக்கு எடை வரும். இங்கேதான் இரு திரைக்கதைகளும் தம் திறமை முழுவதையும் காட்டுகின்றன.

'தேவர் மகன்' அந்த வழிகளை நம் கண்முன் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுகிறது. ஊரார் நடக்கும் பாதை அடைபடுகிறது. சக்திவேல் ஆள் திரட்டி வேலியைப் பிடுங்குவதில்லை. நிலத்துக்காரரிடம் போய்ப் பேசுகிறான், தன் பங்காளியும் பகைவனுமான மாயனுக்கு அவர் ஏன் அஞ்சுகிறார் என்று கேட்டுக்கொள்கிறான், அந்த அச்சத்துக்கு ஒரு மாற்று தேடுகிறான். பேச்சு பலிக்கிறது, பாதை திறக்கிறது. அதற்கு விலையாக, பேசிவைத்த மாப்பிள்ளை பயந்து ஓடிவிட, நிலத்துக்காரரின் மகள் பஞ்சவர்ணத்தின் கழுத்தில் அவனே தாலி கட்ட வேண்டியதாகிறது; காதலி பானு காத்திருக்க, அவன் சொந்த வாழ்வு கைவிட்டுப் போகிறது. சமாதானமும் இரத்தம் கேட்கும், அது வேறு வகை இரத்தம் என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன திரைக்கதை தமிழில் அரிது.

'பாட்ஷா' அதே வேலையை மூடிய கதவுக்குப் பின்னால் செய்கிறது. தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டும். கல்லூரித் தலைவன் அதற்கு ஈடாக அவளையே கேட்கிறான். மாணிக்கம் தங்கையை வெளியே நிறுத்திவிட்டு அவனிடம் பேசுகிறான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நமக்குக் குரல் கேட்பதில்லை. எதிரில் இருப்பவன் முகம் மாறுவதும் எழுந்து நிற்பதும் மட்டும் தெரிகின்றன. இடம் கிடைத்துவிடுகிறது. என்ன சொன்னாய் என்று தங்கை கேட்டால், உண்மையைச் சொன்னதாக மட்டும் பதில் வருகிறது. 'ஹம்' என்ற 1991ஆம் ஆண்டு இந்திப் படத்துக்காக யோசித்துக் கைவிடப்பட்ட இத்தகைய காட்சி ஒன்றே 'பாட்ஷா'வுக்கு வித்தானது. அடிதடிக்குப் பெயர்போன ஒரு படத்தின் கரு, ஒரு விரல்கூட மேலே படாத காட்சியில் இருக்கிறது என்பதை நினைக்க நினைக்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

அடுத்து, அடக்கத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மாணிக்கத்தின் அடக்கத்துக்கு அவன் உடம்பே விலை. தம்பியைக் காக்க ரவுடி இந்திரனிடம் மன்றாடி, கம்பத்தில் கட்டுண்டு, ஊர் பார்க்க அடி வாங்குகிறான். அதிலும் ஒரு புன்னகை அவனிடம் மிச்சமிருக்கிறது. தன்மேல் விழும் வரை எவ்வளவும் தாங்கலாம் என்பது அவன் வகுத்துக்கொண்ட எல்லை. தங்கை மேல் கை படும்போது அந்த எல்லை தாண்டப்படுகிறது. தம்பியை வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டு அவன் திரும்புகிறான். இந்தக் கணக்கு பார்வையாளனுக்கு உடனே விளங்கும். அதனால்தான் அந்த முதல் அடிக்குத் திரையரங்கு அதிர்ந்தது.

சக்திவேலின் கணக்கு இவ்வளவு நேர்த்தியானதல்ல. அவன் பொறுமைக்கு விலை கொடுப்பவர்கள் எல்லோரும் மற்றவர்கள். கோயில் பூட்டைத் திறக்க உதவியதற்காக அவன் வீட்டுப் பணியாள் இசக்கி கையை இழக்கிறான். கரை உடைக்கப்பட்டு வெள்ளத்தில் பிள்ளைகள் சாகிறார்கள். திருவிழாவில் வெடிகுண்டு வெடிக்கிறது. இத்தனைக்கும் பிறகு ஆத்திரத்தோடு திரளும் ஊராரிடமிருந்து மாயனின் குடும்பத்தைக் காப்பாற்றுவது யார்? சக்திவேல்தான். மாணிக்கத்தின் பொறுமையை நாம் ரசிக்கிறோம். சக்திவேலின் பொறுமையை எதிர்த்து வாதாடத் தோன்றுகிறது. இன்னும் முன்பே தடுத்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்ற கேள்வியை அந்தப் படம் நம்மிடம் விட்டுவைக்கிறது. அந்தத் துணிவு 'பாட்ஷா'வுக்கு இல்லை. அதன் கதைக்கு அது தேவைப்படவும் இல்லை.

முடிவுக்கு வருவோம். கொன்று பழகிய மாணிக்கம் கையால் அவனுடைய பம்பாய் எதிரி மார்க் ஆன்டனி சாகவில்லை. கடைசி நொடியில் சட்டத்தின் பேரால் அவன் தடுத்து நிறுத்தப்படுகிறான். துப்பாக்கியைப் பறித்துக் குறிவைக்கும் ஆன்டனியை, போலீஸ்காரனாகிவிட்ட தம்பி சிவாதான் சுட்டுவீழ்த்துகிறான். கொலையை வெறுத்த சக்திவேல் கையாலோ மாயன் சாகிறான். சரணடையச் சொல்லத்தான் அவனைத் தேடிப் போகிறான். மூண்ட மோதலில் மாயனின் தலை துண்டாகிறது. தாதாவுக்கு அந்தப் பாவம் ஒட்டவில்லை, படித்தவனுக்கு ஒட்டிவிட்டது. இரு படங்களையும் தனித்தனியே பலமுறை பார்த்தவர்களுக்கும் இந்த இடமாற்றம் எளிதில் கண்ணில் படாது.

அதற்குப் பின் நடப்பதிலும் வேறுபாடு பெரிது. பம்பாயில் செய்தவற்றுக்கு மாணிக்கத்திடம் படம் கணக்குக் கேட்பதில்லை. பழியைத் தாங்கள் ஏற்பதாக ஊரார் முன்வந்தும் சக்திவேல் மறுக்கிறான். பிள்ளைகளைப் படிக்கவையுங்கள் என்று சொல்லிவிட்டுச் சிறைக்கு ரயிலேறுகிறான்.

ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தப் படிப்பு வேண்டுகோளைவிட, படத்தில் வரும் குலப்பெருமைப் பாடலே வெளியே அதிகம் ஒலித்தது. சாதி ஊர்வலங்களுக்குள்ளும் அது போய்ச் சேர்ந்தது. சாதிப்பெருமையின் விளைவைக் கண்டிக்கும் கதை, அதே பெருமையை அத்தனை அழகாகப் படம்பிடித்ததும் இதற்கு ஒரு காரணம். ரசிகர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 'பாட்ஷா'வுக்குப் பின்னும் இதுபோல ஒன்று நடந்தது. அடுத்தடுத்து எழுதப்பட்ட நாயகர்கள் அதன் கர்ஜனையை எடுத்துக்கொண்டார்கள், கம்பத்தில் வாங்கிய அடியை விட்டுவிட்டார்கள்.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வன்முறையின் பின்விளைவை நேர்மையாக ஏற்றுக்கொண்ட வகையில் 'தேவர் மகன்' மேலானது என்பேன். ஆனால் கையை ஓங்காத ஒருவனின் வலிமையை எழுத்தில் காட்ட முயலும் இளைஞர் எவரேனும் எங்கே தொடங்குவது என்று கேட்டால், கல்லூரித் தலைவனின் அறைக்கு வெளியே அந்தத் தங்கை நிற்கும் இடத்தைத்தான் கைகாட்டுவேன்.