தங்குமிடம் அவளது உரிமை

கணவனிடம் அடிபடும் பெண்ணிடம் பொறுமையை உபதேசிக்கிறோம். வெளியேறினால் அவள் எங்கே தங்குவாள் என்று சிந்தித்தோமா?

தலாக் விடப்பட்டவளையும் இத்தாக் காலத்தில் வசதிக்கேற்பக் குடியமர்த்துமாறும், நெருக்கடி தந்து துன்புறுத்தாதிருக்குமாறும் அத்தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகின்றது. அவ்வாறெனில், மனைவியாக வாழ்பவளின் உரிமை எத்தகையது!

நம் நாட்டில் 2005இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்தது. சொந்த வீடாயினும் வாடகை வீடாயினும், கணவனுடன் வாழ்ந்த இல்லத்தில் வசிக்கும் உரிமையை அது வழங்கியது. ஆயினும் அதே டிசம்பரில், மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் மருமகளுக்கு அவ்வுரிமை இல்லையென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நிலைப்பாடு தவறென அதே நீதிமன்றம் அறிவித்தது 2020 அக்டோபர் 15இல்தான். மாற்று வீட்டிற்கு வாடகை செலுத்துமாறு கணவனுக்கு ஆணையிடவும் இச்சட்டத்தில் இடமுண்டு.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! சமரசம் பேசுமுன் அவளுக்குப் பாதுகாப்பான தங்குமிடத்தை உறுதிசெய்யுங்கள். வல்ல அல்லாஹ் நம்மை நீதியாளர்களாக ஆக்குவானாக! ஆமீன்.