அழகுக்காகத் தேர்ந்தெடுத்த எல்ம்

'டச்சு எல்ம் நோய்' என்ற பெயரே கொஞ்சம் அநியாயம். அந்த நோயை ஆராய்ந்து சொன்னவர்கள் டச்சுக்காரர்கள், அதனால் வந்த பெயர். அதிலும் முக்கியமானவர்கள் பெண்கள். நெதர்லாந்தில் யோஹன்னா வெஸ்டர்டைக் நடத்திய ஆய்வகத்தில் பியா ஸ்வார்ஸ், வாடிச் சாகும் எல்ம் மரங்களிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அதுதான் காரணம் என்று 1922-ல் தன் ஆய்வேட்டில் எழுதினார். பலர் நம்பவில்லை. அதே ஆய்வகத்தின் கிறிஸ்டின் பௌஸ்மன் சில வருஷம் கழித்து மறுபடி சோதித்து உறுதிசெய்தார். 1930-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் இந்த நோயை அடையாளம் காட்டியவரும் அவரே.

நான் தேடிப் போனது வேறொரு 1922. அந்த வருஷம் நியூ ஜெர்சியில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த வில்லியம் ஃப்ளெமர், அமெரிக்க எல்ம்களில் ஒன்றைத் தனியாகத் தேர்ந்தெடுத்து 'பிரின்ஸ்டன்' என்ற வகையாக வளர்த்தார். காரணம் அழகு. நேராக ஏறி, பூச்சாடி மாதிரி மேலே விரியும் கிளைகள். நோய் அங்கே வந்ததே யாருக்கும் தெரியாத காலம் அது.

(எல்ம் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: நம்மூர் ஆயா மரம் அதே உல்மேசி குடும்பம்.)

அமெரிக்க ஊர்களில் தெருவின் இரண்டு பக்கமும் எல்ம் நடுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. கிளைகள் மேலே சந்தித்துப் பந்தல் போட்டுவிடும். ஆனால் பந்தல் மேலே மட்டும் இல்லை. பக்கத்துப் பக்கத்து மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டி ஒன்றாகிவிடும். பட்டை வண்டு பூஞ்சையை ஒரு மரத்துக்குக் கொண்டுவந்தால் போதும், வேர் வழியே வரிசை முழுக்கப் பரவலாம். தண்ணீர் ஏறும் குழாய்களுக்குள் பூஞ்சை நுழைந்ததும், தற்காப்புக்காக மரமே அந்தக் குழாய்களை அடைக்கிறது. கடைசியில் தண்ணீர் இல்லாமல் வாடுகிறது.

ஆசிய எல்ம்கள் பல இந்த நோயைத் தாங்கும். அவற்றோடு கலப்பினம் செய்யலாமே என்றால், அமெரிக்க எல்மில் பெரும்பாலும் நான்கு தொகுதி குரோமோசோம், அவற்றில் இரண்டு. சேராது. எனவே அமெரிக்க எல்ம்களிலேயே தப்பிப் பிழைப்பவற்றைத் தேட வேண்டியதாயிற்று. அரசு ஆய்வாளர்கள் மரங்களுக்குள் பூஞ்சையைச் செலுத்திப் பல வருஷம் சோதித்தார்கள். 1990-களில் வெளியிட்ட 'வேலி ஃபோர்ஜ்' நன்றாகத் தாங்கியது. ஆனால் இளம் வயதில் கோணல்மாணலாக வளரும், கவாத்து செய்துகொண்டே இருக்கணும். அழகுக்காக எடுத்த பிரின்ஸ்டனும் தாங்கியது! தாங்கும் என்றால் நோயே வராது என்றில்லை. வந்தாலும் பெரும்பாலும் மீளும்.

எனக்கு உறுத்துவது ஒன்று. பிரின்ஸ்டன் ஒரு குளோன். எந்த நகரத்தில் நட்டாலும் மரபணு அளவில் அதே மரம். எல்லா சர்வரிலும் ஒரே வெர்ஷன் ஓடினால் ஒரே பக் மொத்தத்தையும் சாய்த்துவிடும் என்பது என் தொழிலில் தினசரி பயம். எல்ம் மஞ்சள் நோய் என்று வேறொன்று இருக்கிறது. அதற்கு இந்தத் தாங்கும் குணம் உதவாது. இது வெறும் கற்பனை பயமும் இல்லை. எல்ம் செத்த தெருக்களில் பல ஊர்கள் ஆஷ் மரத்தை வரிசையாக நட்டன. 2002-ல் டெட்ராய்ட் பக்கம் மரகதப் பச்சை வண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆசியாவிலிருந்து வந்தது. அந்த ஆஷ் வரிசைகளும் போயின.

2000-களில் வெள்ளை மாளிகைக்கு முன்னால் பென்சில்வேனியா அவென்யூவைப் புதுப்பித்தபோது நட்டது பிரின்ஸ்டன் எல்ம்தான். வரிசையாக, ஒரே குளோன்.