கழிப்பறை ரப்பரும் கலகமும்

'ஹேக்கர்' என்றதும் வங்கிக் கணக்கில் கைவைக்கிற ஆள் என்றே நமது பத்திரிகைகள் சொல்லிப் பழக்கியிருக்கின்றன. இந்தச் சொல்லுக்குக் கீழே புதைந்துகிடக்கும் வேறொரு வரலாற்றை ஒரு மேசையிலிருந்து தொடங்கலாம்.

1981 செப்டம்பர் 12. மேற்கு பெர்லினில் ஓர் இடதுசாரி நாளிதழின் அலுவலகம். வாவ் ஹாலந்தும் சில நண்பர்களும் ஒரு பழைய மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். 1960களின் இறுதியில் குடும்பம், சொத்து இரண்டையும் கலைத்துப் போட முயன்ற 'கொம்யூன் 1' குழுவினரின் மேசை அது. பின்னர் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்று அறியப்பட்ட அமைப்பு அங்கேதான் பிறந்தது.

காலத்தைக் கவனிக்க வேண்டும். 1970களில் மேற்கு ஜெர்மன் காவல்துறை, தீவிரவாதிகளைத் தேடுகிறோம் என்று சொல்லிக் குடிமக்களின் விவரங்களைக் கணினியில் போட்டுச் சலித்தெடுத்தது. ஆகவே அன்றைய இடதுசாரிகள் பலருக்குக் கணினி அதிகாரத்தின் கண். அதைத் தொடுவதே துரோகம். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் கேட்டது வேறு: எதிரியின் கருவி என்று ஒதுக்கிவைத்தால் அது எதிரியிடமேதானே இருக்கும்? உடைக்காதே, திறந்து பார்.

திறப்பது லேசுப்பட்ட காரியமாக இல்லை. தொலைபேசிக் கம்பி முழுக்க அஞ்சல் துறையின் ஏகபோகம். துறை அங்கீகரிக்காத மோடத்தை இணைப்பது குற்றம். இவர்கள் என்ன செய்தார்கள்? குழாய்க்கடையில் கிடைக்கும் கழிப்பறை ரப்பர் வளையங்களில் தொலைபேசிக் கைப்பிடியைச் செருகி, ஒலிவழியே தரவு அனுப்பும் கருவியைக் கட்டினார்கள். பெயர் 'தரவுக் கழிப்பறை'. செய்முறையைப் பூட்டி வைக்காமல் 1985இல் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். 1984 முதல் சொந்தமாக ஒரு சிற்றிதழும் நடத்தினார்கள். கைக்காசைப் போட்டுப் பத்திரிகை நடத்துகிற நமக்கு இந்த மனநிலை அந்நியமானதல்ல.

படைப்பூக்கம் என்பதை மேதையின் மண்டைக்குள் மின்னும் ஒளியாகவே நாம் எழுதிவந்திருக்கிறோம். இங்கே அது தடையிலிருந்தும் ஓட்டை உடைசலிலிருந்தும் பத்துப் பேர் பேசிக்கொண்டதிலிருந்தும் பிறந்தது. ரப்பர் வளையத்துக்கு ஆசிரியன் யார்?

1984 நவம்பரில் அஞ்சல் துறையின் 'பில்ட்ஷிர்ம்டெக்ஸ்ட்' சேவை பாதுகாப்பானதென்ற கதையாடல் கிழிந்தது. ஹம்பர்க் வங்கியொன்றின் அடையாளத்தைக் கொண்டு தங்களது கட்டணப் பக்கத்தை இரவு முழுக்கத் திரும்பத் திரும்பத் திறக்கச் செய்தார்கள். விடிவதற்குள் கணக்கில் சுமார் 1,35,000 மார்க். பத்திரிகையாளர்களிடம் அதைப் பகிரங்கமாக அறிவித்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். திருட்டல்ல, நிரூபணம்.

1995இல் பெர்லினில் 'சி-பேஸ்' என்ற பொது இடம் உருவானது. 2007இல் ஜெர்மனிக்கு வந்து இத்தகைய இடங்களைப் பார்த்த அமெரிக்கர்கள் ஊர் திரும்பி நியூயார்க், வாஷிங்டன், சான்பிரான்சிஸ்கோ நகரங்களில் தங்களுடையதைத் தொடங்கினார்கள். சான்பிரான்சிஸ்கோவின் 'நாய்ஸ்பிரிட்ஜில்' தலைமை கிடையாது. பேசிப் பேசி எட்டும் ஒப்புதல்தான் முடிவு.

இதோடு நிறுத்தினால் இது துதிபாடலாகிவிடும். தலைமை இல்லை என்பதாலேயே அதிகாரம் இல்லாமல் போய்விடுமா? அமைப்பற்ற குழுக்களில் அதிகாரம் நட்பு வட்டங்களுக்குள் ஒளிந்துகொள்கிறது என்று 1970களின் தொடக்கத்திலேயே பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் எழுதிவிட்டார். 'எல்லோருக்கும் திறந்த கதவு' வழியாக உள்ளே போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1988இல் கேயாஸ் கிளப்புக்குள்ளேயே பெண்கள் 'ஹெக்ஸன்' என்று தனி அணி கட்ட வேண்டியிருந்தது. 'சூனியக்காரிகள்' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லோடு ஹேக்கரைக் கோத்த பெயர். வசையையே கொடியாக்கினார்கள்.

மூலதனமும் சும்மா இருக்கவில்லை. 2012இல் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு முகமை பள்ளிகளில் இத்தகைய பட்டறைகளுக்குப் பணம் தர முன்வந்தது. நாய்ஸ்பிரிட்ஜ் நிறுவனர்களில் ஒருவரான மிட்ச் ஆல்ட்மன் அதை எதிர்த்து, அந்தப் பணத்தை ஏற்ற 'மேக்கர் ஃபேர்' விழாவிலிருந்து விலகினார். சந்தா வாங்கிப் பட்டறையை வியாபாரமாக்கிய 'டெக்‌ஷாப்' 2017இல் கதவை மூடியது. கருவிகள் அத்தனையும் அங்கே இருந்தன. ஆனால் உள்ளே வந்தவர் வாடிக்கையாளர், இடத்துக்குப் பொறுப்பாளி அல்லர்.

ஆக, கேள்வி இயந்திரத்தைப் பற்றியதல்ல. சாவி யாரிடம், பெருக்குவது யார், முடிவெடுக்கையில் வாய் திறக்க முடியாதவர் யார்? நமது வாசகசாலைகளிடமும் இயக்க அலுவலகங்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். மேசை பழையதாக இருப்பதில் பிரச்சினை இல்லை. அதைச் சுற்றி யாருக்கு நாற்காலி இல்லை என்பதுதான் பிரச்சினை.