வாவிக்கரையில் புலமைப்பரிசில்

ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் முடிவு வெளியாகுந்தோறும், வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளுக்கு நாம் மாலை சூட்டுகிறோம். பாடசாலை வாயில்களில் அவர்தம் படங்களைத் தொங்கவிடுகிறோம். உழைத்த பிள்ளையைப் போற்றுதல் நன்றே. ஆனால், இப்பரிசில் எத்தேவையிலிருந்து பிறந்தது என்பதை மறந்துவிட்டுப் போற்றுதல் நன்றாகாது.

மட்டக்களப்பு நாட்டை வாவி இரண்டாக வகுக்கிறது. கடலோரம் எழுவான்கரை, வயல் விரிந்த மேற்குப்புறம் படுவான்கரை. 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கிய நாள்தொட்டு ஆங்கிலக் கல்வி நகரையும் எழுவான்கரையையும் சார்ந்தே வளர்ந்தது. 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியும் நகரிலேயே அமைந்தது. உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும்; ஆங்கிலத்துக்குப் பணம் வேண்டும். பணமற்றவன் பிள்ளைக்குச் சிறிது காலம் தமிழ்ப் பாடசாலை, அதன்பின் வயல். இரு கரைகளையும் பிரித்தது நீர் மட்டுமன்று, வர்க்கமும் பிரித்தது.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்று, விபுலாநந்த அடிகளாகி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 'திறமையிருந்தால் எவரும் உயரலாம்' என்போர் இத்தகைய வாழ்வுகளையே சான்று காட்டுவர். அடிகளோ தமது உயர்வோடு அமைந்துவிடவில்லை. 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். ஒருவர் ஏறிய ஏணி ஊரார்க்குப் படிக்கட்டாக வேண்டும் என்பதை அச்செயல் உணர்த்திற்று.

இவ்வுணர்வை நாடளாவிய திட்டமாக்கியவர் 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கரா. அவர் தலைமையிலான குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணத்தை நீக்கினால் மட்டும் ஏழைப் பிள்ளை கற்றுவிடுமா? வயலில் உதவும் கையை வீடு இழக்கிறது. தொலைவிலுள்ள பள்ளிக்குச் சென்றால் உண்ணவும் உறங்கவும் இடம் வேண்டும். ஆகவேதான் கிராமங்களை நோக்கி மத்திய பாடசாலைகள் எழுந்தன. பரீட்சையில் தேறிய ஏழைப் பிள்ளைக்கு அங்கே விடுதி வாழ்வும் அளிக்கப்பட்டது. அன்றைய பரிசில் பதக்கமன்று; சோறும் கூரையுமாகும்.

எம்மொழியில் கற்பது என்ற கேள்வியும் அன்றே எழுந்தது. 1944இல் சிங்களத்தை ஆட்சிமொழியாகவும் போதனாமொழியாகவும் ஆக்கும் பிரேரணை அரசாங்க சபைக்கு வந்தபோது, அதனுடன் தமிழையும் சேர்க்கும் திருத்தத்தை முன்வைத்தவர் கீழ்மாகாணப் பிரதிநிதி வே. நல்லையா. மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குச் செல்லும் வழியில், வந்தாறுமூலையில் அமைந்த மத்திய மகா வித்தியாலயம் அக்காலத்தின் பேறு. 1981இல் அவ்வளாகத்திலேயே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கிராமத்தில் ஊன்றிய வித்து எத்தகைய மரமாகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எனினும், பிற்காலத்தில் பரிசிலின் பண்பு திரிந்தது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கான உதவிப்பணம் தொடர்ந்ததாயினும், நகரத்துப் பெயர்பெற்ற பாடசாலைகளுக்குள் நுழையும் வாயிலாகவே பரீட்சை மாறிற்று. ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பிள்ளைகள் எழுதுகின்றனர்; பெரும்பாலானோர் பத்து வயதிலேயே 'தவறியோர்' என்ற பெயரைச் சுமக்கின்றனர். வசதியுள்ளோர் தனிப்பட்ட வகுப்புகளுக்குப் பணம் செலவிடுகின்றனர். படுவான்கரைச் சிற்றூரின் கெட்டிக்காரப் பிள்ளை நகருக்குப் பெயர்கிறது. எஞ்சிய பாடசாலை மேலும் மெலிகிறது. 1978இன் சூறாவளியும், 1983 முதல் 2009 வரை நீண்ட போரும், 2004இன் ஆழிப்பேரலையும் உலுக்கிய இப்பிரதேசத்தில், ஒரே வினாத்தாளை எழுதிய பிள்ளைகள் ஒரே தொடக்கக் கோட்டிலிருந்து ஓடினர் என்று எவ்வாறு கூறுவோம்?

மண்முனையில் நெடுங்காலம் படகுப் பாதையே இரு கரைகளையும் இணைத்தது. 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது. நன்றாக நீந்துவோருக்குப் பரிசளிப்பதற்காக எவரும் பாலம் கட்டுவதில்லை. நீந்தத் தெரியாதவரும் கடக்கவேண்டும் என்பதற்காகவே கட்டுகின்றனர். கல்வியும் அத்தகையதே. சிறந்தோரைத் தேர்ந்து பாராட்டுவோம். ஆனால் பரிசில் பெறாத பிள்ளை திரும்பிச் செல்லும் கிராமப் பாடசாலையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் உண்டா என்பதை அப்பாராட்டு மேடையிலேயே கேட்போம். அதைக் கேட்கும் கடமை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியது. பரிசில் தேவைப்படாமலே நல்ல கல்வி கிட்டும் நாள்தான் இலவசக் கல்வி நிறைவுறும் நாள்.